டிரான்ஸ்வெல்லா, பிடிஎம்எஸ் வாய்க்காலா? நகரும் செல்லில் குரோமாட்டினை அளக்க எது உதவும்

செல் ஒரு குறுகிய இடுக்கில் நுழையும்போது சைட்டோபிளாசம் நெளிந்து வளைந்து உள்ளே போய்விடும். மாட்டிக்கொள்வது உட்கரு. அது சைட்டோபிளாசத்தைவிட 2 முதல் 10 மடங்கு விறைப்பானது. அந்த விறைப்பு, உட்கருவின் உறைக்கு உட்புறம் வலையாகப் படர்ந்த லேமின் ஏ/சி புரதத்தால் மட்டும் வருவதில்லை. தனியே எடுத்த உட்கருவை நுண்பிப்பெட்டால் இழுத்துப் பார்த்த 2017 ஆய்வின்படி, சுமார் 3 மைக்ரான் வரையிலான நீட்சியைப் பெரும்பாலும் குரோமாட்டினே, அதாவது டிஎன்ஏவும் ஹிஸ்டோன் புரதங்களும் பின்னிய இழையே, தாங்குகிறது. அதற்கு மேல் இழுத்தால் லேமின் கைகொடுக்கிறது. இதையே நகரும் செல்லில் பார்க்க ஆய்வகங்கள் அதிகம் நாடுவது இரண்டு வழிகளை: துளைச் சவ்வு கொண்ட டிரான்ஸ்வெல், பிடிஎம்எஸ் என்னும் சிலிக்கோன் ரப்பரில் வார்த்த நுண்வாய்க்கால். குரோமாட்டின்தான் கேள்வி என்றால் என் தேர்வு வாய்க்கால்.

டிரான்ஸ்வெல் எளிது. 1962-இல் பாய்டன் செய்த அறையின் வழிவந்தது. 24 குழித் தட்டில் மேலே 100 மைக்ரோலிட்டர், கீழே 600 மைக்ரோலிட்டர் ஊடகம். மறுநாள் மேற்பரப்பைப் பஞ்சால் துடைத்துவிட்டுக் கீழே வந்தவற்றை எண்ணினால் முடிந்தது. துளை அளவில் மட்டும் கவனம் வேண்டும். புற்றுச் செல்களுக்கு வழக்கமாக எடுக்கும் 8 மைக்ரான் துளையின் பரப்பு 50 சதுர மைக்ரான். உட்கரு அதில் பெரிதாக நசுங்காது. 3 மைக்ரான் துளைக்குப் பரப்பு 7 சதுர மைக்ரான்தான். கொலாஜனை அரிக்கும் நொதிகளைத் தடுத்துவிட்டால் புற்றுச் செல்கள் நின்றுபோகும் எல்லையும் ஏறத்தாழ அதுவே. 8 மைக்ரானில் மட்டும் செய்துவிட்டு ‘குரோமாட்டினுக்குப் பங்கில்லை’ என்று எழுதுவது தவறு.

இனி, முடிவைத் தீர்மானிக்கும் விஷயம். நகரத் தூண்டப்பட்ட மெலனோமா செல்களில் ஹெட்டரோகுரோமாட்டின் (இறுகிச் சுருண்ட குரோமாட்டின்) கூடுவதை கெர்லிட்ஸும் பஸ்டினும் 2010-இல் காட்டினார்கள். இப்போது டிரான்ஸ்வெல்லின் கீழ்ப்பக்கத்துச் செல்களில், அந்த இறுக்கத்தின் அடையாளமான எச்3கே9 மும்மெத்தில் குறி அதிகம் என்று வைத்துக்கொள்வோம். துளையில் நசுங்கியதால் அந்தக் குறி கூடியதா? முன்பே குறி கூடியிருந்த செல்கள்தாம் கீழே வந்தனவா? முதலாவது மாற்றம், இரண்டாவது சலித்தெடுப்பு. கடைசியில் எடுக்கும் ஒரே எண்ணிக்கையால் இரண்டையும் பிரிக்க முடியாது. ஹிஸ்டோனிலிருந்து அசெட்டைல் குறியை நீக்கும் எச்டிஏசி நொதிகளைத் தடுக்கும் டிரைகோஸ்டாட்டின் ஏ மருந்தைக் கொடுத்துக் குரோமாட்டினைத் தளர்த்தும்போது சிக்கல் இன்னும் கூடும். அந்த மருந்து செல் பெருக்கத்தை நிறுத்தும். அதே குடும்பத்து எச்டிஏசி6-ஐயும் தடுப்பதால், செல்லின் சட்டகப் புரதமான டியூபுலினில் அசெட்டைல் குறி ஏறி, செல்லின் நடையே மாறிவிடும். கீழே எண்ணிக்கை குறைந்தால் அது உட்கருவாலா, நடையாலா, பெருகாததாலா என்று சொல்ல வழியில்லை.

வாய்க்காலில் ஒவ்வொரு செல்லும் தனித்தனியே கண்ணுக்குத் தெரியும். வழக்கமான அமைப்பில் உயரம் 5 மைக்ரான். இடுக்கின் அகலம் 1, 2 அல்லது 3 மைக்ரான். ஒப்பிட 15 மைக்ரான் அகலத்தில் ஒரு தடம். 5 அல்லது 10 நிமிடத்துக்கு ஒரு படம். உட்கருவின் முன்விளிம்பு இடுக்கைத் தொட்ட நேரத்திலிருந்து பின்விளிம்பு வெளியேறும் நேரம் வரை கணக்கிட்டால் உட்கருவின் கடக்கும் நேரம் கிடைக்கும். அதே செல் அகலத் தடத்தில் ஓடிய வேகத்தையும் பக்கத்தில் வைத்தால், நடை மாற்றம் வேறு, உட்கருவின் தடை வேறு என்று பிரித்துவிடலாம். சிவப்பாக ஒளிரும் ஹிஸ்டோனான எச்2பி-எம்செர்ரி குரோமாட்டினைக் காட்டும். உட்கருவுக்குள் தங்கும் பச்சைப் புரதமான என்எல்எஸ்-ஜிஎஃப்பி சைட்டோபிளாசத்துக்குள் கசிந்தால் உறை கிழிந்தது என்று பொருள். உறை மூடிக்கொண்டதும் பச்சை மெல்ல உள்ளே திரும்பும். ஹோக்ஸ்ட் சாயத்தை இங்கே தவிர்ப்பது நல்லது. டிஎன்ஏவில் ஒட்டுவதும் புற ஊதா ஒளியும் சேர்ந்து, அளக்க வந்த பொருளையே கெடுத்துவிடும்.

பராமரிப்பில் வாய்க்கால் கறாரானது. பிடிஎம்எஸ் மூலப்பொருளான சில்கார்டு 184-ஐ அதன் கடினமாக்கியோடு 10:1 விகிதத்தில் கலந்து, காற்றை உறிஞ்சி எடுத்து வார்க்கவேண்டும். பிளாஸ்மாவில் கண்ணாடியோடு ஒட்டியதும், பரப்பு நீரை ஈர்க்கும் நிலையில் இருக்கும்போதே 70 விழுக்காடு எத்தனாலால் நிரப்பிவிடுங்கள். தாமதித்தால் இடுக்கில் குமிழி உட்காரும், பிறகு எளிதில் போகாது. வடிவ முகமூடியில் 2 மைக்ரான் என்றிருப்பது வார்ப்பில் 2.5 ஆகலாம். ஒளிரும் டெக்ஸ்ட்ரானை ஊற்றிக் கான்ஃபோக்கலில் ஒவ்வொரு அச்சையும் அளந்த பிறகே அந்த எண்ணை நம்பலாம்.

எளிதில் கண்ணில் படாத பிழை ஒன்று உண்டு. நீரை வெறுக்கும் சிறு மூலக்கூறுகளைப் பிடிஎம்எஸ் உறிஞ்சிக்கொள்ளும். டிரைகோஸ்டாட்டின் ஏ-யும் அந்த வகைதான். 200 நானோமோலார் ஊற்றினால் செல்லுக்கு எவ்வளவு எட்டியது என்பது அந்த எண்ணிலிருந்து தெரியாது. வாய்க்கால் சில்லுக்கு வெளியிலேயே செல்களுக்கு மருந்து கொடுத்து, ஊடகத்தை இடையிடையே மாற்றி, எச்3கே9 அசெட்டைல் குறியைக் காட்டும் சாயத்தால் மருந்து வேலைசெய்ததா என்று அதே சில்லில் உறுதிசெய்ய வேண்டும். எச்டிஏசி6-இன் குழப்பத்தை விலக்க, அதைத் தொடாத எச்டிஏசி தடுப்பானான வால்புரோயிக் அமிலத்தைத் தனியாகவும், எச்டிஏசி6-ஐ மட்டும் தடுக்கும் டியூபாசினை எதிர்க்கட்டுப்பாடாகவும் ஓட்டலாம்.

வாய்க்காலுக்கும் எல்லை உண்டு. 15 மைக்ரான் தடத்திலும் உயரம் 5 மைக்ரான்தான். அங்கேயும் உட்கரு மேலிருந்து அழுந்துகிறது. திறந்த தட்டில் வளர்த்த செல்களைக் கூடவே வைக்காவிட்டால் அந்த அழுத்தத்தின் விளைவு கணக்கில் வராது. 1 மைக்ரான் இடுக்கில் உட்கரு அவ்வளவு நீள்வதால், லேமினின் பங்கு குரோமாட்டினின் பங்கை மறைத்துவிட வாய்ப்புண்டு. 3 மைக்ரானிலிருந்து தொடங்குவதே சரி. குரோமாட்டின் தளர்ந்தால் செல் வேகமாகக் கடக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது. தளர்ந்த உட்கருவில் குமிழ்கள் புடைத்து உறை கிழிவதும் நடக்கும். செல்லின் வகையைப் பொறுத்து இரண்டில் ஒன்று மேலோங்கும்.

கொலாஜன் கூழ் உடலுக்கு நெருக்கமானது. ஆனால் செல் நொதியால் துளையை அகலப்படுத்திக்கொள்ளும். ஜிஎம்6001 போன்ற தடுப்பான் இல்லாமல் அதில் உட்கருவைப் பற்றிப் பேசுவது கடினம்.

டிரான்ஸ்வெல்லைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. குரோமாட்டினில் திறந்திருக்கும் இடங்களைக் காட்டும் அட்டாக்-சீக்வென்சிங்குக்கு வழக்கமாக 50,000 செல் வேண்டும். ஒரு சில்லில் கடந்துபோவது சில நூறுதான். அந்த வேலைக்கு 6 குழித் தட்டின் 24 மில்லிமீட்டர் செருகிகளில் 3 மைக்ரான் சவ்வை எடுங்கள். மேலே தங்கியவற்றையும் கீழே வந்தவற்றையும் தனித்தனியே டிரிப்சினால் எடுங்கள். 8 மைக்ரான் சவ்வில் கடந்தவற்றையும் அதே நாளில், அதே கலவையில் மூன்றாவது மாதிரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.