ஒரு கடைக்கு மூண்டு தரம் ஆப் செய்த அனுபவம் (2019 இல இருந்து)

யாழ்ப்பாணத்தில கொக்குவில் பக்கம் எங்கட கடை. அரிசிமா, மிளகாய்த்தூள், பனங்கட்டி, பிறந்தநாள் கேக் எண்டு கேக்கிறதைக் கொண்டுபோய் வீட்டில குடுக்கிறனாங்கள். காசு கட்டுறது கூடுதலா ரொறன்ரோவிலயும் லண்டனிலயும் இருக்கிற பிள்ளையள், சாமானை வாங்கிறது இஞ்ச இருக்கிற அம்மா அப்பா. இந்த விசயத்தை 2019 இலயே ஒரு மட்டையில எழுதி மேசைக்கு மேல தொங்கவிட்டிருந்தா எனக்கு கன காசு மிஞ்சியிருக்கும்.

அப்ப நான் யோசிச்சது எல்லாம், யாழ்ப்பாணத்தில ஆற்ற கையில பாத்தாலும் அன்ட்ரொயிட்தானே, அதுக்கு மட்டும் செய்வம் எண்டுதான். தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் கொட்லின் எண்ட கோட் மொழியில செய்து தந்தவன். கூகிளின்ர ப்ளே ஸ்டோரில ஆப் போட 25 டொலர், அதுவும் வாழ்நாளில ஒரே ஒரு தரம். ஆப் நல்ல வேகம், பழைய போனிலயும் ஓடினது, குறை சொல்லேலாது. ஆனா ஓடர் வரேல்லை. பேந்துதான் விளங்கினது, அம்மாமார் ஆப்பை இறக்கி படமெல்லாம் வடிவாப் பாத்திட்டு மகனுக்கு கோல் எடுத்து இது இது வேணும் எண்டு சொல்லுவினம், மகன் ஐபோன், அதில எங்கட ஆப் இல்லை, கடைசியில மகன் எனக்கு வட்ஸ்அப்பில லிஸ்ட் போடுவார். 2020 ஊரடங்கு நேரம் முழுக்க யாவாரம் நடந்தது வட்ஸ்அப்பிலயும் ஒரு கொப்பியிலயும்தான்.

ஐபோனுக்குப் போக பயந்ததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ஆப்பிள் 30 வீதம் எடுக்கும் எண்டு ஒரு அண்ணை வெருட்டிப்போட்டார். அது ஆப்புக்குள்ள விக்கிற டிஜிட்டல் சாமானுக்கு. அரிசிமா, கேக் மாதிரி கையில குடுக்கிற பொருளுக்கு அவையின்ர கட்டண முறையைப் பாவிக்கவே கூடாது, காட் மாதிரி வேற வழியாலதான் எடுக்கோணும், கொமிசன் இல்லை. விதியில எழுதியே இருக்கு. நான் வாசிக்கேல்லை, ஒரு வருசம் சும்மா போச்சு.

2021 இல வெப்சைட் ஒண்டைச் செய்து அதையே ஒரு ஆப்புக்குள்ள சுத்திக் கட்டி ஆப்பிளுக்கு அனுப்பினம். மலிவான வழி எண்டு நினைச்சன். அதே விதிப் புத்தகத்தில 4.2 எண்டு ஒரு பகுதி, வெப்சைட்டைத் திருப்பிக் காட்டுறது மட்டும் ஆப் இல்லை எண்டு. நிராகரிச்சு வந்தாப்பிறகுதான் வாசிச்சம். பிழை எங்கடதுதான்.

பேந்து 2022. கரண்டும் இல்லை, பெற்றோலும் இல்லை, 200 ரூவாயா இருந்த டொலர் 350 ஐத் தாண்டினது. ஆப்பிளுக்கு வருசா வருசம் 99 டொலர் கட்டோணும், அது திடீரெண்டு முப்பத்தஞ்சாயிரம் அளவில வந்து நிக்குது. அந்த நேரம்தான் ஃப்ளட்டர் எண்ட ஆப் செய்யிற கருவிக்கு மாறினம், ஒரு கோட் எழுதினா அன்ட்ரொயிடுக்கும் ஐபோனுக்கும் ஓடும். ஃப்ளட்டரா, அதே வேலையைச் செய்யிற ரியாக்ட் நேட்டிவா எண்டு பெடியள் ராத்திரி ராத்திரியா சண்டை பிடிப்பினம், எங்களுக்கு காரணம் என்னெண்டால் வேலைக்கு வந்த தங்கச்சிக்கு ஃப்ளட்டரின்ர மொழியான டார்ட் தெரியும், அவ்வளவுதான். இப்பவும் அதுதான் சரியான காரணம் எண்டு நினைக்கிறன். ஒரு கோட் எண்டாலும் அதை ஐபோன் ஆப்பா ஆக்க ஆப்பிளின்ர மக் கொம்பியூட்டர் வேணும், அதை இரவல் வாங்கினது தனிக்கதை. தமிழ்ச் சொல்லு நீளம், "கூடையில் சேர்க்கவும்" எண்டு போட்டா பட்டன் வெடிச்சு ரெண்டு வரியாப் போகும், "சேர்" எண்டு மாத்தினம், அம்மாமாருக்கும் அதுதான் பிடிச்சது.

பெரிய அடி விழுந்தது இதில இல்லை. பழைய ஆப்பின்ர இடத்தில புதுசை ஏத்துவம் எண்டு போனா, ஆப் எங்கடதுதான் எண்டு காட்டுற சாவி மாதிரியான கையொப்பக் கோப்பு (கீஸ்டோர்) இல்லாம ஏத்தேலாது, அது அந்த முதல் பெடியன்ர லப்டொப்பில, லப்டொப் எப்பவோ செத்துப்போச்சு. 2021 ஓகஸ்டில இருந்து புது ஆப்புக்கெல்லாம் அந்த சாவியை கூகிளே வச்சிருக்கிற முறை கட்டாயம், எங்கட அதுக்கு முந்தினது. வேற பேரில புதுசாப் போட்டு, பழைய ஆக்களை ஒவ்வொருத்தரா வட்ஸ்அப்பில கெஞ்சி இறக்க வச்சம். ஆப் செய்விக்கிறவை கோட்டைக் கேக்க மறந்தாலும் பரவாயில்லை, கீஸ்டோரையும் பாஸ்வேர்டையும் முதல் நாளே கையில வாங்குங்கோ. ஸ்டோர் கணக்கும் உங்கட பேரில இருக்கோணும்.

இன்னொண்டு, ஆப் செய்து முடிஞ்சா முடிஞ்சுது எண்டு நினைச்சனான். கூகிள் ஒவ்வொரு வருசமும் புது அன்ட்ரொயிடுக்கு ஏத்த மாதிரி மாத்தச் சொல்லும், 2023 இல இருந்து அந்தக் கெடு ஓகஸ்ட் 31. எங்களுக்கு ஓகஸ்ட் எண்டா நல்லூர்த் திருவிழா, வெளிநாட்டில இருந்து சனமெல்லாம் வந்து நிக்கிற நேரம், கடையில நிண்டு மூச்சு விடேலாது, அப்பதான் தங்கச்சி வந்து "அண்ணை, பேமெண்ட் பக்கம் உடைஞ்சு போச்சு" எண்டு சொல்லுவா. பேந்து அவவும் கனடா போட்டா.

இப்ப வாங்கிற ஆக்களுக்கு ஆப்பே இல்லை. வெப்சைட்தான், போன் முகப்பில சேத்து வைக்கிற மாதிரி செய்திருக்கிறம். ஐபோனின்ர மென்பொருள் ஐஓஎஸ் 16.4 வந்தாப்பிறகு, 2023 இல இருந்து, அப்பிடி முகப்பில சேத்த வெப்சைட்டுக்கு ஐபோனிலயும் நோட்டிபிகேசன் போகும். சேக்காட்டிப் போகாது, அதை ஆக்களுக்கு விளங்கப்படுத்திறது சரியான கஷ்டம், அது இந்த முறையின்ர குறைதான். 99 டொலரும் இல்லை, ஓகஸ்ட் தலையிடியும் பாதி குறைஞ்சுது.

ஃப்ளட்டர் ஆப் டெலிவரிப் பெடியளுக்கு மட்டும், அன்ட்ரொயிடில மட்டும். அவங்களுக்குத்தான் உண்மையா ஆப் தேவை. நெடுந்தீவுச் சாமானை குறிகட்டுவான் இறங்குதுறையில வள்ளத்தில ஏத்தினாப் பிறகு சிக்னல் வரும் போகும், சாமானைக் குடுத்து படம் எடுத்தா போனுக்குள்ளயே நிண்டு, கரைக்கு வந்தாப்பிறகு தானா ஏறும். அம்மா பார்சலோட சிரிச்சுக்கொண்டு நிக்கிற அந்தப் படம் மகனுக்குப் போனா அடுத்த ஓடர் நிச்சயம், நாலு வருசமா நாங்கள் செய்த எந்த டிசைனும் அந்த வேலையைச் செய்யேல்லை.

அப்பிடியெண்டு எல்லாம் சரிவந்திட்டுது எண்டு இல்லை. நேற்றும் ஒருத்தர் லண்டனில இருந்து கையால எழுதின லிஸ்டைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில போட்டவர், நான் பினாட்டு (காயவச்ச பனம்பழக்களி) 2 ஐ 7 எண்டு வாசிச்சு ஏழு பைக்கற் அனுப்பிப்போட்டன்.