எண்ணிக் கொண்டாடியது: எங்கள் கையெழுத்து இதழோடு பத்து வருஷம்

எங்கள் கையெழுத்து இதழின் 120ஆவது இதழ் ஐந்து சுற்றும் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறது. காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் கோட்டையூரில் பதினோரு பேர் சேர்ந்து 2015 பொங்கலுக்குத் தொடங்கியது. நூறாவது படைப்பு, ஆயிரமாவது வாசகர், ஐம்பதாவது இதழ் என்று இதுவரை பல கொண்டாட்டங்களை நடத்தியாயிற்று. சில கொண்டாட்டங்கள் இதழை வளர்த்தன. ஒன்று இதழையே கொஞ்சம் கெடுத்தது. பக்கத்து ஊர்களில் இதுபோல் தொடங்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்பதால், எங்களுக்கு எது உதவியது, எது உதவவில்லை என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். மாதம் ஓர் இதழ், 32 பக்கம். மூலப்பிரதியைக் கையால் எழுதி, ஜெராக்ஸ் போட்டு, தைத்து, ஐந்து பிரதி ஆக்குவோம். ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு சுற்று. ஒரு வீட்டில் இரண்டு நாள், பிறகு அடுத்த வீடு. கடைசி இரண்டு பக்கத்தில் கோடு போட்ட கட்டம் இருக்கும். படித்தவர் பெயர், தேதி, கருத்து ஒரு வரி, கையெழுத்து. மாதக் கடைசியில் பிரதிகள் திரும்பியதும் எல்லாவற்றையும் கணக்கு நோட்டில் ஏற்றுவோம்.

அந்த நோட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கொண்டாட்டமெல்லாம் அதை வைத்துத்தான். காரைக்குடி கல்லுக்கட்டிக் கடைத்தெருவில் வாங்கிய நீளமான பேரேடு, சிவப்புத் துணி அட்டை. எங்களில் மூத்தவரான அண்ணன் ஒருவர் நாற்பது வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். முதல் பக்கத்தில் 'உ' போட்டு, நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் 'வரவு', மறுபக்கம் 'செலவு' என்று எழுதினார். படைப்புகளை வரவில் எழுதப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார். "நம்ம எழுதுறது செலவு தம்பி. ஒருத்தர் படிச்சாத்தான் வரவு." அன்றைக்கு எனக்கு அது பெரிதாகப் படவில்லை. புரிய நாலு வருஷம் ஆனது.

நோட்டு பத்து வருஷம் தாங்கியிருக்கிறது. ஜெல் பேனாவால் எழுதிய பக்கங்கள் மட்டும் ஐப்பசி மழையில் ஈரம் பட்டு இழுவிக்கொண்டன. அதற்குப் பிறகு சாதாரண பால்பாயிண்ட்தான். தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சி வராமல் இருக்கப் பக்கங்களுக்கு நடுவில் வசம்புத் துண்டு போட்டு வைக்கிறோம். ஜெராக்ஸுக்கு 70 ஜி.எஸ்.எம் கனமுள்ள தாளில் இரண்டு பக்கமும் அடித்தால் எழுத்து மறுபக்கம் தெரியும், வயதானவர்கள் படிக்கச் சிரமப்பட்டார்கள். 80க்கு மாறினோம். ஸ்பைரல் வேண்டாம், பைக்குள் போட்டால் கம்பி சிக்கும். நூல் தையலே போதும்.

சரி, கொண்டாட்டத்துக்கு வருகிறேன்.

முதல் பெரிய கணக்கு ஆயிரமாவது வாசகர் கையெழுத்து. 2017 டிசம்பரில் வந்தது. ஆயிரம் பேர் இல்லை, ஆயிரம் கையெழுத்து. ஒரே ஆள் மாதாமாதம் படித்தால் ஒவ்வொன்றும் கணக்கில் வரும். மூன்றாம் சுற்றுப் பிரதியை விரித்து எண்ணிக்கொண்டே வந்தோம். ஆயிரமாவது இடத்தில் எங்களுக்குத் தெரியாத ஒரு பெயர். விசாரித்தால், அந்த வீட்டில் சமையல் பார்ப்பவர். ஆச்சி படித்துவிட்டு அடுப்பங்கரை மாடத்தில் வைத்ததை, மதிய வேலை முடிந்து உட்கார்ந்த நேரத்தில் இவர் முழுக்கப் படித்திருக்கிறார்.

அவர் எழுதியிருந்த கருத்தை இன்றும் பார்த்து எழுத முடியும்: "வெள்ளைப் பணியாரம் அளவு தப்பு. உளுந்து காணாது." அந்த மாதம் எங்களில் ஒருவர் பணியாரம் பற்றி எழுதியிருந்தார், ஒரு டம்ளர் பச்சரிசிக்கு இரண்டு கரண்டி உளுந்து என்று. அதுதான் தவறு. டம்ளரில் பச்சரிசியைத் தலை தட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாக நிற்கிற வரைக்கும் கொட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்து ஊறவைத்து வெண்ணெய் போல அரைக்க வேண்டும். எங்கள் வீடுகளில் பரம்பரையாக வரும் அளவு அதுதான், எழுதும்போது எவருக்கும் நினைவு வரவில்லை.

அவருக்கு என்ன செய்வது என்று பேசினோம். பொன்னாடை, கேடயம் என்றெல்லாம் பேச்சு வந்தது. கடைசியில் அடுத்த இதழின் முதல் வாசிப்பை அவருக்குக் கொடுத்தோம். தைத்து முடித்த பிரதி எங்கள் பதினோரு பேர் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே அவர் கைக்குப் போனது. திருத்தத்தையும் அவர் பெயரிலேயே எழுதினோம். அவர் மறுநாளே கையெழுத்துப் போட்டுத் திருப்பினார். அதோடு தன் தெருவில் நாலு வீட்டைச் சேர்த்துவிட்டார். எங்களுடைய நான்காம் சுற்று அப்படிப் பிறந்ததுதான். செலவு என்று பார்த்தால் ஒரு தட்டுப் பணியாரம், அதையும் அவரே சுட்டார்.

இவ்வளவு நல்ல அனுபவம் கிடைத்தும் அடுத்த கொண்டாட்டத்தில் சறுக்கினோம். ஐம்பதாவது இதழ் 2019 பிப்ரவரியில் வர இருந்தது. நோட்டைப் பார்த்தால் படைப்புகளின் எண்ணிக்கை 470ஐ ஒட்டி நின்றது. ஐம்பதாவது இதழும் ஐந்நூறாவது படைப்பும் ஒன்றாக வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார். எல்லோருக்கும் ஆசை பற்றிக்கொண்டது, எனக்கும்தான். இரண்டு இதழில் முப்பது படைப்பு வேண்டும். ஒரு கட்டுரையாக வரவேண்டியதை மூன்று துணுக்காக உடைத்தோம். நாலு வரிக் கவிதைகள் குவிந்தன. எண்ணிக்கை நிறைந்தது.

ஒரு மண்டபத்தில் விழா. பேனர், மைக், எழுதிய பதினோரு பேருக்கும் மாலை. வாசகர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்கள். மேடையில் பேசியதெல்லாம் நாங்கள்தான். ஆறு மணிக்கு என்று அழைத்துவிட்டு ஏழு மணிக்குத் தொடங்கினோம்.

மாதக் கடைசியில் பிரதிகள் திரும்பின. கையெழுத்துக் குறையவில்லை. ஆனால் கருத்துக் கட்டத்தில் வரிசையாக "படித்தேன்", "படித்தேன்", "வாழ்த்துகள்". பல கட்டம் காலி. இரண்டாம் சுற்றில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் மட்டும் எழுதியிருந்தார்: "இலை நிறைய வச்சிருக்கீங்க. உப்புத்தான் எங்கேயும் இல்ல." அதோடு, மூன்றாம் சுற்றுப் பிரதி ஒரு வீட்டில் பதினெட்டு நாள் அசையாமல் கிடந்திருக்கிறது. விழா வேலையில் எங்களில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை. அன்றைக்குத்தான் அண்ணன் நோட்டைத் திறந்து இரண்டு பக்கத்தையும் காட்டினார். செலவுப் பக்கம் முப்பது வரி கூடியிருந்தது. வரவுப் பக்கத்தில் கருத்து என்று சொல்ல ஒரே ஒரு வரி.

அதற்குப் பிறகு நாங்கள் மாற்றியவற்றில் முக்கியமானது, படைப்பு எண்ணிக்கையைக் கொண்டாடுவதை நிறுத்தியது. எண்ணுவோம், எழுதி வைப்போம், அதோடு சரி. வாசிப்புக்கு மட்டும்தான் விழா. அடிக்கடி வேண்டாம் என்பதையும் அப்போது முடிவு செய்தோம். எங்கள் குழுவில் இருக்கும் ஆச்சி அதற்குச் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. பிள்ளையார் நோன்புக்குத் திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஒன்றாகப் புது வேட்டியிலிருந்து நூல் எடுத்துச் சேர்த்து, இருபத்தோரு இழையையும் திரியாக்கி, மாவுப் பிள்ளையாரில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது நகரத்தார் வழக்கம். "தெனம் ஒரு இழை எடுத்து வைக்கிறோம்ல, அதுக்குத் தெனம் விருந்தா வைக்கிறோம்? நோன்பு ஒருநாள்தானே" என்றார் ஆச்சி.

நேரத்துக்குத் தொடங்குவதையும் அப்போதுதான் பழக்கமாக்கினோம். அதற்கு வெளியில் போய்ப் பாடம் கேட்க வேண்டியதில்லை. காரைக்குடிக் கம்பன் கழகத்தை 1939இல் தொடங்கிய சா.கணேசன் நேரம் தவறாமைக்குப் பேர்போனவர். சொன்ன நேரத்தில் விழா தொடங்கியே தீரும். பங்குனியில் காரைக்குடியில் நடந்து, அத்த நட்சத்திரத்தன்று நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியில் நிறைவு பெறும் அந்த விழாவைப் பார்த்து வளர்ந்த ஊரில் இருந்துகொண்டு, கூப்பிட்டவர்களை ஒரு மணி நேரம் உட்கார வைத்திருக்கிறோம். இப்போது ஐந்தரை என்றால் ஐந்தரை. வந்தது நாலு பேரானாலும் தொடங்கிவிடுவோம்.

கொண்டாட்டத்தின் அழைப்பு, துண்டுச்சீட்டு, வந்தவர்கள் எழுதிக் கொடுத்த தாள் எதையும் எறிவதில்லை. நோட்டின் பின்பக்கத்தில் ஒட்டிவிடுகிறோம். கோட்டையூரில் இருந்துகொண்டு ரோஜா முத்தையா சேர்த்தது புத்தகங்களை மட்டும் இல்லை. கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் வரைக்கும் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்க, அதை அடித்தளமாக வைத்துத்தான் 1994இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் வந்தது. எங்கள் ஊரில் ஒருவர் துண்டுச்சீட்டையும் மதித்தார் என்பது எங்களுக்குப் பெருமை. அந்தப் பழக்கத்தை விட மனம் வரவில்லை.

2020இல் கொரோனா வந்து ஆறு மாதம் இதழ் நின்றது. ஒரு வீட்டுத் தாள் இன்னொரு வீட்டுக்குப் போக முடியாத காலம். மறுபடி தொடங்கியபோது கையெழுத்துப் பாதியாகக் குறைந்திருந்தது. பழைய நிலைக்கு வர இரண்டு வருஷம் பிடித்தது. அதனால் நூறாவது இதழ் 2023 அக்டோபரில்தான் வந்தது. அதற்கு விழா வைக்கவில்லை. நூறு இதழிலும் வந்த கருத்துகளில் பிடித்தவற்றை மட்டும் தொகுத்து அந்த இதழின் முதல் எட்டுப் பக்கத்தில் எழுதினோம். டீச்சரின் உப்பு வரியும் அதில் இருக்கிறது. நாங்கள் தயாரித்ததிலேயே அதிகம் பேர் திரும்பக் கேட்டு வாங்கிப் படித்த இதழ் அது.

ஐயாயிரமாவது கையெழுத்து 2024 ஆகஸ்ட் முதல் வாரம், ஆடியில். நான்காம் சுற்றில் ஒரு வீடு. அந்த வீட்டுக் கட்டத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கையெழுத்து 4,999. அதற்குக் கீழே நீல மையில் ஒரு பெருவிரல் ரேகை. அது அந்தப் பிள்ளையின் அப்பத்தாவுடையது. கண் தெரியவில்லை, பேத்தி படித்துக் காட்டக் கேட்பார். கேட்டவரை வாசகராக எண்ணலாமா என்று எங்களுக்குள் ஒரு சாயங்காலம் முழுக்க விவாதம். ரேகையைக் கணக்கில் சேர்த்தால், இத்தனை வருஷமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டவர்களை ஏன் விட்டோம் என்று ஒருவர் கேட்டார், நியாயமான கேள்விதான். அண்ணன் பேனாவை எடுத்தார். "கண்ணு வழியா வந்தா என்ன, காது வழியா வந்தா என்ன? வரவு வரவுதான்" என்று சொல்லி 5,000 என்று எழுதினார்.

கொண்டாட்டம் அவர்கள் வீட்டுப் பட்டாலை என்கிற கூடத்திலேயே. அவர் எழுந்து வெளியே வரமுடியாது என்பதால் நாங்கள் போனோம். ஆடி என்பதால் கும்மாயம் கிண்டியிருந்தார்கள், உளுந்தும் பாசிப்பருப்பும் வறுத்து அரைத்த மாவு, கருப்பட்டி, விரலில் ஒட்டாத அளவுக்கு நெய். மேடை இல்லை, மைக் இல்லை. அந்த மாத இதழைப் பேத்தி சத்தமாகப் படித்தாள், எழுதியவர்கள் தரையில் உட்கார்ந்து கேட்டோம். நாம் எழுதிய வாக்கியம் இன்னொருவர் வாயிலிருந்து வரும்போது எங்கே மூச்சு முட்டுகிறது என்று அப்படியே தெரிந்துவிடும். என்னுடைய கட்டுரையில் ஒரே வாக்கியத்துக்கு அவள் மூன்று தடவை நின்றாள். அன்றிலிருந்து எதை எழுதினாலும் வீட்டில் ஒரு முறை சத்தமாகப் படித்துப் பார்க்கிறேன்.

அந்த இதழில் ரங்கூனிலிருந்து 1942இல் நடந்தே திரும்பியவர்களைப் பற்றி ஒருவர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். ரேகைக்குப் பக்கத்துக் கருத்துக் கட்டத்தில் அப்பத்தா சொல்லப் பேத்தி எழுதியிருந்தது இது: "ரெண்டு பக்கத்துல முடிக்கிற விஷயமா இது? எங்க அப்பச்சி தூக்கிட்டு வந்த தகரப் பெட்டி மேல் வீட்டுல இருக்கு. வந்து பாத்துட்டு எழுதுங்க." எழுதியவர் அன்று இலையைக்கூட மடிக்காமல் பேத்தியோடு மாடி ஏறினார். பெட்டி பூட்டியிருந்தது, சாவி அப்பத்தாவின் தலையணைக்கு அடியில் இருந்தது. அதற்குள் இருந்ததை வைத்து அவர் ஐந்து இதழ் தொடர்ந்து எழுதினார். அந்த ஐந்து மாதமும் நான்காம் சுற்றுப் பிரதி முதலில் அந்த வீட்டுக்குத்தான் போனது. நோட்டில் இப்போது வரவுப் பக்கத்தில் 'கேட்டவர்கள்' என்று புதிதாக ஒரு கட்டம் இருக்கிறது. போன மாதம் அதில் ஒன்பது பெயர்.