சினாட்ராவா, பில்லி ஹாலிடேயா? மூன்று பாட்டை வைத்து ஓர் அலசல்

ஐம்பதுகளின் ஜாஸ் குரலிசையில் காதல் தோல்விக்கென்றே வந்த ஆல்பங்களில் இரண்டு என்னை விட்டு நீங்காதவை. ஒன்று, 1955-இல் கேபிடல் நிறுவனம் வெளியிட்ட, அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவின் 'இன் த வீ ஸ்மால் ஹவர்ஸ்'. மற்றது, 1958-இல் கொலம்பியா வெளியிட்ட, அமெரிக்கப் பாடகி பில்லி ஹாலிடேயின் 'லேடி இன் சாட்டின்'. இருவரும் 1915-இல் பிறந்தவர்கள். முன்னதில் 16 பாட்டு, பின்னதில் 12. அவற்றில் மூன்று இரண்டிலும் இருக்கின்றன: 'கிளாட் டு பி அன்ஹாப்பி', 'ஐ கெட் அலாங் வித்தவுட் யூ வெரி வெல்', 'ஐல் பி அரவுண்ட்'. ஒப்பிட இதைவிட நல்ல வழி கிடைக்காது.

முதலில் இசைக்கோர்ப்பு. இதில் சினாட்ரா பக்கம்தான் வெற்றி, சந்தேகமே இல்லை. அவருக்கு இசைக்கோர்ப்பு செய்த நெல்சன் ரிடில் எதை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர். 'கிளாட் டு பி அன்ஹாப்பி', 'ஐல் பி அரவுண்ட்' இரண்டுக்கும் அவர் வயலின் கூட்டத்தையே கூப்பிடவில்லை. பியானோ, கிடார் என்று கைவிரலில் எண்ணிவிடக்கூடிய வாத்தியங்கள்தான். பாடகர் நம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். ஹாலிடேக்கு ரே எல்லிஸ் அமைத்ததோ பெரிய வயலின் கூட்டம், கூடவே சொற்களில்லாமல் பாடும் பெண்குரல்கள். சில இடங்களில் தித்திப்பு திகட்டிவிடுகிறது. ஆனால் அந்த ஒலி வேண்டும் என்று கேட்டு எல்லிஸைத் தேர்ந்தெடுத்தவர் ஹாலிடேயேதான்.

அப்புறம் குரல். சினாட்ராவுக்கு அப்போது 39 வயது. மனைவியும் நடிகையுமான அவா கார்ட்னரைப் பிரிந்த துயரம் ஆறாத நேரம். இப்படிப் பாட அவருக்குக் கற்றுக்கொடுத்ததே அவாதான் என்று ரிடில் பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஆனாலும் குரல் அவர் பிடியில்தான் இருக்கிறது. டாமி டார்சி குழுவில் பாடிய காலத்தில் டார்சி டிராம்போன் என்ற பித்தளைக் குழலை ஊதுவதைக் கவனித்துப் பழகிய மூச்சு அது. ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குள் அறுபடாமல் போய்ச் சேரும்.

ஹாலிடேக்கு 42. மதுவும் போதைமருந்தும் குரலை அரித்துவிட்டிருந்தன. மேல் சுரத்துக்குப் போகும்போது உடைகிறது, நீட்டினால் கரகரக்கிறது. ஆனால் தாளத்தை முன்னே போகவிட்டு, ஒரு கணம் தாமதித்துச் சொல்லை வைக்கும் அந்தப் பழைய வித்தை துளியும் குறையவில்லை.

'ஐ கெட் அலாங்' பாட்டில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நீ இல்லாமலே நான் நன்றாக இருக்கிறேன், மெல்லிய மழை பெய்யும் நேரம் தவிர என்று போகும் பாட்டு. சினாட்ரா 'நன்றாக இருக்கிறேன்' என்று சொல்லும்போது முதலில் நம்பிவிடுகிறோம். மழை வரும் இடத்தில்தான் விஷயம் புரிகிறது. பாட்டு எழுதப்பட்ட விதத்துக்கு அதுதான் பொருத்தம். ஹாலிடே முதல் வரியைத் தொட்டதுமே அது பொய் என்று தெரிந்துவிடுகிறது. அவர் மறைக்கக்கூட முயலவில்லை. அந்தப் பொய்யை மூன்று நிமிடம் கேட்பது கஷ்டம். எனக்கு அதுதான் பெரிய பாட்டு.

எல்லிஸுக்கே பதிவின்போது ஹாலிடே பாடியது திருப்தியாக இல்லை. பிறகு நாடாவைப் போட்டு முழுக்கக் கேட்டபோதுதான், தான் சுரத்தை மட்டும் கவனித்து உணர்ச்சியைத் தவறவிட்டது புரிந்ததாம். ஹாலிடே ஆல்பத்தின் முதல் பாட்டான 'ஐம் எ ஃபூல் டு வான்ட் யூ'வை எழுதியவர்களில் சினாட்ராவும் ஒருவர். தன்னை மிக அதிகம் பாதித்த பாடகி ஹாலிடேதான் என்று அதே 1958-இல் அவர் சொன்னார். அடுத்த ஆண்டு ஜூலையில் ஹாலிடே இறந்துபோனார்.

சரி, எதை முதலில் கேட்பது? ஜாஸுக்குப் புதியவர் என்றால் சினாட்ரா. ராத்திரி ஒரே மூச்சில் 16 பாட்டையும் கேட்கலாம், அலுக்காது. ஹாலிடேயை அப்படிக் கேட்காதீர்கள். ஒரு தடவைக்கு மூன்று, நான்கு பாட்டு போதும். வாங்கும்போது 'தி எண்ட் ஆஃப் எ லவ் அஃபேர்' பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் வந்த ஸ்டீரியோ தட்டில் அது கிடையாது, மோனோவில் மட்டும்தான் வந்தது.