சீகல் 1963: டயல் மட்டும் இல்ல, உள்ள ஓடுற மிஷினும் பழைய பரம்பரை தான்

இப்போ வாட்ச் கம்பெனிங்க எல்லாரும் அவங்க பழைய மாடலை தூசி தட்டி திரும்ப இறக்கிட்டு இருக்காங்க. லாஞ்சீன்ஸ் 1959-ல வந்த டைவர் வாட்ச்சை 2007-லயே லெஜண்ட் டைவர்னு கொண்டு வந்தாங்க, ஒமேகா 2017-ல 1957 ஸ்பீட்மாஸ்டர், சீமாஸ்டர், ரெயில்மாஸ்டர் மூணையும் ஒரே செட்டா விட்டாங்க. அழகுல குறையே சொல்ல முடியாது, ஆனா பின்மூடிய கழட்டினா உள்ள அந்த காலத்து மூவ்மென்ட், அதாவது வாட்ச்சை ஓட்டற மிஷின், இருக்காது. சீனாக்காரங்களோட சீகல் 1963 மேல எனக்கு இவ்வளவு பிரியம் வந்ததே இந்த எடத்துல தான்.

1961-ல சீன விமானப்படை பைலட்டுங்களுக்கு குரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்ச்சும் சேர்ந்த வாட்ச், வேணும்னு இப்போ சீகல்னு சொல்ற டியான்ஜின் வாட்ச் ஃபேக்டரில வேலை ஆரம்பிச்சாங்க, ப்ராஜெக்ட் 304-னு பேரு. இந்த சீகல் 1963 அந்த வாட்ச்சோட மறுபதிப்பு தான். சுவிஸ் கம்பெனி வீனஸ் அவங்களோட 175 மூவ்மென்ட் செய்யற மிஷின், டூல் எல்லாத்தையும் இவங்களுக்கு வித்துட்டாங்க. அதே வருஷம் தான் நம்ம எச்.எம்.டி. சிட்டிசனோட கை கோர்த்து பெங்களூர்ல வாட்ச் பண்ண ஆரம்பிச்சாங்க, ரெண்டு நாடும் ஒரே சமயத்துல இப்படி வெளியில இருந்து தொழில் கத்துக்கிட்டு எறங்கிருக்காங்கன்னு நெனச்சா ஒரு மாதிரி பெருமையா இருக்கு. இப்போ சீகல்ல ஓடுற எஸ்டி19 மூவ்மென்ட் அந்த வீனஸ் 175-ஓட நேர் வாரிசு, மணிக்கு 18,000 துடிப்பு இருந்ததை 21,600 ஆக்கிருக்காங்க, மத்தபடி அடிப்படை அமைப்பு அதே தான்.

பின்னாடி கண்ணாடி மூடி இருக்கற மாடல் வாங்கினீங்கன்னா, மேல் புஷரை (பக்கத்துல இருக்கற பட்டனை) அமுக்கும்போது வாட்ச்சை திருப்பி வெச்சு பாருங்க. காலம் வீல்னு (column wheel) சொல்ற தூண் வெச்ச சக்கரம் ஒரு படி திரும்புது, லிவர் அசையுது, ஒரு குட்டி பல்சக்கரம் ஓரமா நகந்து வந்து நடுச்சக்கரத்தோட பல்லுல பல்லு சேருது, உடனே முன்னாடி செவப்பு முள்ளு கெளம்புது. சேர்ற அந்த நிமிஷத்துல முள்ளு சில சமயம் லேசா குதிக்கும், அது ரிப்பேர் இல்ல, இந்த வகை கிளட்ச்சுக்கு அது இயல்பு. மேல் புஷரை இன்னொரு தடவ அமுக்கி நிறுத்திட்டு கீழ் புஷரை தட்டினா டக்குனு பூஜ்ஜியத்துக்கு வந்து நிக்கும். சுவிஸ்ல காலம் வீல் வெச்ச சாவி கொடுக்கற குரோனோகிராஃப் வேணும்னா லட்சக்கணக்குல எண்ணி வெக்கணும், இது அதுல ஒரு சின்ன பங்கு தான்.

டயலும் சும்மா சொல்லக்கூடாது. சந்தன கலர்ல தரை, தங்க நிற குறிங்க, நீல முள்ளு, 12-க்கு கீழ செவப்பு நட்சத்திரம், சீன எழுத்து. 9 மணி பக்கம் ஓடுற செகண்ட், 3 மணி பக்கம் 30 நிமிஷ கணக்கு, அவ்வளவு தான், தேதி ஜன்னல் கெடயாது. நல்ல பழைய டயல்ல ஓட்டை போட்டு தேதி வெக்கறத பாத்தாலே எனக்கு மனசு கஷ்டமா இருக்கும், இங்க அந்த தொல்லை இல்ல.

குறைன்னு பாத்தா இருட்டுல மணி பாக்க முடியாது, ரேடியம் கெடயவே கெடயாது. தண்ணிக்கு சுத்தமா ஆகாது, கை கழுவும்போது தெறிக்கறது பரவால்ல, மழையில நனையற வேலை எல்லாம் வெச்சுக்காதீங்க. சைஸ் சின்னதா இருந்தாலும் தடிமன் நல்லா இருக்கும், ஃபுல் கை சட்டை போட்டா கஃப்ல இடிக்கும். தினம் காலைல சாவி கொடுக்கணும், எனக்கு அது புடிச்ச வேலை, எச்.எம்.டி. கட்டின வீட்ல வளந்தவங்களுக்கு சொல்லவே தேவயில்ல.

ஒண்ணு மட்டும் கவனம், இதே மூவ்மென்ட்டை போட்டு இதே டயலை வெச்சு பல பேர் பல விதமா அசெம்பிள் பண்ணி விக்கறாங்க, விலை கம்மின்னு தெரியாத கடைல எடுக்காம, வாரண்டி குடுத்து சர்வீஸுக்கு பொறுப்பு எடுத்துக்கற ஆள்கிட்ட வாங்குங்க. 40, 42 மில்லிமீட்டர் சைஸ்லயும் வருது, ஆனா 38 தான் பழைய வாட்ச் கட்டின மாதிரி கையில உக்காரும். அதுக்கு ஸ்ட்ராப் 18 மில்லிமீட்டர், கூட வர்ற நைலானை எடுத்துட்டு ப்ரௌன் தோல் ஒண்ணு போட்டுக்குங்க, டயலோட தங்க நிறம் அப்போ தான் நல்லா எடுபடும்.