ஆன்கி செயலியும் 570 சொற்குடும்பங்களும்: பிராண்டிங் படிக்கும் ஒருவரின் நீண்டகால அனுபவம்

மேலாண்மைப் பட்டமேற்படிப்பில் சேர்ந்தது முதல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பின்னரும், கல்விசார் ஆங்கிலச் சொற்களைப் பயில அகாடமிக் வேர்ட் லிஸ்ட் என்னும் சொற்பட்டியலையும், கேள்வி ஒரு பக்கமும் விடை மறுபக்கமுமாக உள்ள கார்டுகளைக் காட்டி நினைவூட்டும் ஆன்கி செயலியையும் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். பிராண்டுகள் நுகர்வோரிடம் இன்ஸ்பிரேஷனை எவ்வாறு தூண்டுகின்றன என்பதே என் ஆய்வுப்பொருள் என்பதால், இவ்விரண்டும் அந்தக் குறுகிய துறையில் எந்த அளவுக்குக் கைகொடுத்தன என்பதை மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

ஏவரில் காக்ஸ்ஹெட் நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட இப்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரு மூலச்சொல்லும் அதிலிருந்து பிறந்த வடிவங்களும் சேர்ந்த தொகுதிகள், உள்ளன. கலை, வணிகம், சட்டம், அறிவியல் என்னும் நான்கு புலங்களிலிருந்து திரட்டிய ஏறத்தாழ 35 லட்சம் சொற்களை ஆராய்ந்து, அன்றாட வழக்கிலுள்ள முதல் 2,000 சொற்குடும்பங்களை விலக்கி, நான்கிலும் பரவலாக வருபவற்றை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். அந்தத் தொகுப்பில் சராசரியாக 10 விழுக்காடு சொற்கள் இப்பட்டியலுக்குள் அடங்குகின்றன. வணிகப் பிரிவில் அது 12 விழுக்காடு. பெர்சீவ், எவால்யுவேட், என்ஹான்ஸ், ப்ரமோட், இன்னோவேட், எரோட் போன்றவை பிராண்டிங் கட்டுரைகளில் பக்கத்துக்குப் பக்கம் வருவதைப் பார்க்கும்போது அந்தக் கணக்கு நம்பும்படியாகவே இருக்கிறது. ஆனால் இன்ஸ்பையர், எவோக், ஈக்விட்டி ஆகியவை பட்டியலில் இல்லை. எல்லாத் துறைக்கும் பொதுவான பட்டியலில் அப்படித்தான் இருக்கும். துறைக்குரிய சொற்களை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆன்கி 2006இல் டேமியன் எல்ம்ஸ் வெளியிட்ட செயலி. மறக்கும் தறுவாயில் ஒரு கார்டை மீண்டும் காட்டுவதும், நினைவில் நிற்கும் கார்டின் இடைவெளியை நீட்டிக்கொண்டே போவதும் அதன் வேலை. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனில் மட்டும் விலை கொடுக்க வேண்டும், மாணவர்களுக்கு அது சற்று அதிகம்தான். கார்டுகளின் இடைவெளியைக் கணிக்க 2023இல் சேர்க்கப்பட்ட எஃப்எஸ்ஆர்எஸ் என்னும் கணக்கீட்டு முறைக்கு மாறிய பிறகு, ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டிய கார்டுகள் எனக்குக் கணிசமாகக் குறைந்தன.

ஆயினும் பலன் முழுவதும் கார்டை எப்படி எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது. இணையத்தில் கிடைக்கும் ஆயத்தத் தொகுப்புகளில் பெரும்பாலானவை முன்பக்கம் ஒரு சொல், பின்பக்கம் அதன் பொருள் என்ற அளவில் நின்றுவிடுகின்றன. அவற்றைப் படித்தால் கட்டுரையில் அந்தச் சொல்லைக் கண்டதும் பொருள் விளங்கும். ஆனால் சொந்தமாக ஒரு பத்தி எழுத உட்கார்ந்தால் அச்சொல் கைக்கு வராது. பிராண்ட் ஈக்விட்டி (பிராண்டின் பெயரால் கிடைக்கும் கூடுதல் மதிப்பு) என்பதன் பொருள் தெரிந்தால் மட்டும் போதாது. அதனோடு பில்ட், லெவரேஜ், எரோட் ஆகிய வினைகள் வரும் என்பதும், இன்ஸ்பையர் என்ற வினையோடு கான்ஃபிடன்ஸ், ட்ரஸ்ட், லாயல்டி ஆகியவை வரும் என்பதும் சேர்ந்தே மனத்தில் பதிய வேண்டும். எனவே படித்த ஆய்வுக்கட்டுரைகளிலிருந்து முழு வாக்கியங்களை எடுத்து, ஒரு சொல்லை மட்டும் மறைக்கும் க்ளோஸ் வகைக் கார்டுகளாக மாற்றினேன். கரோலின் டேவிட்சன் என்ற மாணவி 1971இல் 35 டாலருக்கு வரைந்து கொடுத்த நைக்கி நிறுவனத்தின் ஸ்வூஷ் சின்னம் வேகத்தை எவ்வாறு உணர்த்துகிறது என்று விளக்கும் வாக்கியம் ஒன்றே எவோக், கன்வே, அசோசியேட் மூன்றையும் எனக்குப் பழக்கிவிட்டது. நன்கு தெரிந்த செய்தியைச் சொல்லும் வாக்கியங்கள், வெற்று எடுத்துக்காட்டு வாக்கியங்களை விட நெடுநாள் நிற்கின்றன.

தமிழில் எழுதிப் பழகியவர்களுக்கு இந்த முறை குறிப்பாக உதவும் இடம் ப்ரெபொசிஷன், அதாவது பை, டு போன்ற சிறு சொற்கள். நாம் வேற்றுமை உருபிலும் எச்சத்திலும் முடித்துவிடுவதை ஆங்கிலம் தனிச் சொல்லாகக் கேட்கிறது. இன்ஸ்பிரேஷனை உளவியல் கருத்தாக ஆராய்ந்த த்ராஷ், எலியட் ஆகிய இருவரும் 2004இல் எழுதிய கட்டுரையில் இன்ஸ்பையர்ட் பை, இன்ஸ்பையர்ட் டு என்று இரண்டு கூறுகளைப் பிரிக்கிறார்கள்: ஒன்றின் மதிப்பால் ஈர்க்கப்படுவது முன்னது, அதன் விளைவாக எதையேனும் செய்ய முற்படுவது பின்னது. விளம்பரத்தைப் பார்த்து வியப்பவரையும் அதைப் பார்த்து ஓடத் தொடங்குபவரையும் வேறுபடுத்த வேண்டிய ஆய்வில், அந்தச் சிறு சொல்லை மாற்றி எழுதினால் கருதுகோளே மாறிவிடும். இதற்காக நான் உருவாக்கிய கார்டுகளில் முதன்மைச் சொல்லை விட்டுவிட்டு ப்ரெபொசிஷனை மட்டும் மறைத்திருக்கிறேன். ஆயத்தத் தொகுப்பு எதிலும் இத்தகைய கார்டை நான் பார்த்ததில்லை.

எட்டு முறை தவறவிட்ட கார்டை லீச் என்று செயலி தானாகக் குறிக்கும், அமைப்பைப் பொறுத்து ஒதுக்கியும் வைக்கும். அவ்வாறு ஒதுக்கப்பட்டதை அப்படியே மீட்டெடுப்பதில் பயனில்லை. வேறு வாக்கியத்தில் புதிதாக எழுதினால்தான் படியும். காக்ஸ்ஹெட் பட்டியலின் கடைசிப் பிரிவுகளில் என் துறையில் அரிதாகவே வரும் சொற்களையும் நிறுத்தி வைத்துவிட்டேன், அதனால் எந்தக் குறையும் தெரியவில்லை. எழுத்துக்கு இவ்வளவு உதவிய கார்டுகள் வாய்மொழித் தேர்வுக்கு அவ்வளவு உதவவில்லை. கண்ணால் மட்டும் படித்த சொற்கள் பேச்சில் தயங்கித்தான் வந்தன. கார்டை உரக்கப் படிக்க வைக்கும் வசதி செயலியிலேயே இருப்பதால், இப்போது சேர்க்கும் கார்டுகள் அனைத்திலும் அதையும் இணைத்து வருகிறேன்.