தாய்லாந்துத் தீவுகள்: அந்தமான் பக்கமா, வளைகுடா பக்கமா?

நாலைந்து நண்பர்கள் சேர்ந்து தாய்லாந்துத் தீவுகளுக்குப் போகலாம் என்று பேச ஆரம்பித்தால், வாட்சப் குழுவில் ஒருவர் ஃபி ஃபி தீவுகளின் மாயா பே கடற்கரைப் படத்தைப் போடுவார், இன்னொருவர் பங்கான் தீவின் ஃபுல் மூன் பார்ட்டி வீடியோவைப் போடுவார், ரெண்டுக்கும் போயிடலாம் என்று எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் அந்த இரண்டு இடங்களும் வேறு வேறு கடலில் இருக்கின்றன. ஃபுக்கெட், கிராபி, ஃபி ஃபி, லந்தா எல்லாம் மேற்கே அந்தமான் கடலில். சமுய், பங்கான், தாவ் மூன்றும் கிழக்கே தாய்லாந்து வளைகுடாவில். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக படகு, பஸ், வேன் என்று மாறி மாறி ஒரு பகல் முழுக்கக் கழிந்துவிடும். ஒரு வாரம் பத்து நாள் லீவில் போகிறவர்கள் ஒரு கரையை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் சரி. எந்தக் கரை என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் மாதத்தைப் பாருங்கள், அப்புறம்தான் மற்றதெல்லாம். மேற்குக் கரையை அடிப்பது தென்மேற்குப் பருவமழை, கேரளாவை நனைக்கிற அதே மழை. மே முதல் அக்டோபர் வரை கடல் கொந்தளிக்கும், சின்னத் தீவுகளுக்குப் படகுகள் குறையும், சிமிலன் தீவுகளை மே 15க்குப் பிறகு அக்டோபர் 15 வரை மூடியே வைத்திருப்பார்கள். வளைகுடாத் தீவுகளில் கொட்டுவது சென்னையில் கொட்டும் காலத்தில்தான், அதாவது அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை, நவம்பரில் ரொம்ப அதிகம். ஆகவே தீபாவளி லீவில் சமுய் பக்கம் டிக்கெட் போடவேண்டாம், ஜூலை ஆகஸ்டில் ஃபி ஃபி பக்கம் போடவேண்டாம். பொங்கல் லீவுக்கு அந்தமான்தான் பாதுகாப்பு, ஏனென்றால் ஜனவரியில் வளைகுடாவில் மழை ஓய்ந்தாலும் அலை முழுசாக அடங்கியிருக்காது. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை இரண்டு பக்கமும் நன்றாக இருக்கும், உண்மையான போட்டி அந்த மூன்று மாதத்தில்தான். ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான், நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வரும் அவர்களுடைய புத்தாண்டு. தண்ணீர் ஊற்றி விளையாடுவது அருமையாக இருக்கும், ஆனால் நாடே சொந்த ஊருக்குக் கிளம்புவதால் ரயிலும் பஸ்ஸும் முன்கூட்டியே நிரம்பிவிடும்.

போய்ச் சேருவதில் அந்தமான் பக்கம் சுலபம். பாங்காக்கிலிருந்து கிராபிக்கும் ஃபுக்கெட்டுக்கும் மலிவு விலை விமானங்கள் நிறைய இருக்கின்றன, ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். சமுய்க்கும் விமானம் உண்டு, ஆனால் அந்த விமான நிலையமே பாங்காக் ஏர்வேஸுக்குச் சொந்தம், டிக்கெட் விலையில் அது தெரியும். நண்பர்கள் கூட்டத்துக்கு நான் சொல்வது ராத்திரி ரயில். பாங்காக்கின் கிருங் தேப் அபிவாட் நிலையத்தில் மாலையில் படுக்கை வண்டி ஏறினால் விடியும் முன் வளைகுடாக் கரையிலுள்ள சும்போன் ஊரில் இறங்கலாம். அங்கிருந்து படகுத்துறைக்கு பஸ், காலைப் படகில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் தாவ் வந்துவிடும். துறையில் எந்தத் தீவில் இறங்குகிறீர்கள் என்று கேட்டுச் சட்டையில் ஒரு வண்ண ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார்கள், பைகளைத் தீவுவாரியாக மலைபோல் குவிப்பார்கள். தூக்கக் கலக்கத்தோடு நெஞ்சில் ஸ்டிக்கருடன் மேல்தளத்தில் உட்கார்ந்து டீ குடிக்கும் அந்தக் காலை, விமானத்தில் போனால் கிடைக்காது.

இனி அழகு. இதில் அந்தமானுக்குப் பக்கத்தில்கூட வளைகுடா வராது, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கடலுக்குள்ளிருந்து செங்குத்தாக எழும்பி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள் அந்தப் பக்கத்தின் சொத்து. ரைலேயை எடுத்துக்கொள்ளுங்கள். அது தீவு இல்லை, கிராபி நிலப்பரப்பில்தான் இருக்கிறது, ஆனால் பின்னால் குன்றுகள் மறித்து நிற்பதால் சாலையே கிடையாது, படகில்தான் போகவேண்டும். கிராபியின் ஆவ் நாங் கடற்கரைக் கவுன்டரில் ஆளுக்கு நூறு பாட் அளவில் சீட்டு வாங்கினால் எட்டுப் பேர் சேரும்வரை நிற்கச் சொல்வார்கள். படகு நிரம்பியதும் முழங்கால் தண்ணீரில் இறங்கி, செருப்பைக் கையில் பிடித்து, பையைத் தலைக்கு மேல் தூக்கி, ஆடிக்கொண்டிருக்கும் நீளவால் (லாங்டெயில்) மோட்டார் படகின் குட்டி ஏணியில் ஏறவேண்டும். சக்கரம் வைத்த பெட்டி கொண்டுவந்தவர் பாடு திண்டாட்டம். அங்கே போனபின் பாறை ஏற்றம் ஒரு நாளாவது செய்யுங்கள், அரை நாள் வகுப்பிலேயே கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்க்கும் உயரத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள்.

ஃபி ஃபி பற்றி எனக்குக் கலவையான எண்ணம். டோன்சாய் கிராமத்தில் கார் இல்லை, எல்லாம் நடைதான், இரவில் சத்தமோ சத்தம். பகலில் மாயா பே. கூட்டத்தால் பவளப்பாறை நாசமாகிப்போனதால் 2018 ஜூனில் மூடினார்கள், 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போது படகு நேராக விரிகுடாவுக்குள் வராது, தீவின் பின்பக்கம் லோ சாமாவில் இறக்கிவிடுவார்கள், மரப்பாதையில் நடந்து வரவேண்டும், நீந்த அனுமதி இல்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் ஒவ்வொரு வருஷமும் மூடுகிறார்கள். குட்டிச் சுறாக்கள் கரையோரம் திரும்பி வந்திருக்கின்றன, அதனால் இந்தக் கட்டுப்பாடு எனக்குச் சந்தோஷமே. ஆனால் குதித்துக் கும்மாளம் போடலாம் என்று கிளம்பும் நண்பர்களுக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டவருக்குத் தேசியப் பூங்கா கட்டணம் 400 பாட், டூர் விலையில் பெரும்பாலும் அது சேராது.

கூட்டம் பிடிக்காதவர்களுக்கு அந்தப் பக்கத்தில் லந்தா. நீளமான மணல், மாலையில் சூரியன் நேரே கடலில் இறங்கும், மேற்குக் கரைச் சாலை பெரும்பாலும் சமதளம், ஸ்கூட்டர் ஓட்ட நல்ல இடம். கிராபியிலிருந்து வேனில் வருபவர்கள் வழியில் க்லோங் தோம் ஊர்க் கோயிலின் சின்ன அருங்காட்சியகத்தைப் பார்க்க நேரம் ஒதுக்கலாம். 'பெரும்பதன் கல்' என்று தமிழ்-பிராமியில் எழுதிய, பொன் உரைக்கும் கல் ஒன்று அந்த ஊரில்தான் கிடைத்தது. கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். அத்தனை காலத்துக்கு முன்பே நம் பொற்கொல்லர் ஒருவர் இதே கரையில் இறங்கியிருக்கிறார் என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

சரி, வளைகுடா. இதன் பலம் வரிசை. தாவ், பங்கான், சமுய் மூன்றும் ஒரே படகு வழியில் அடுத்தடுத்து இருக்கின்றன. தாவிலிருந்து பங்கானுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட, பங்கானிலிருந்து சமுய்க்கு அரைமணி. திரும்பி வராமல் ஒரே கோட்டில் போய்க்கொண்டே இருக்கலாம். மூன்றுக்கும் மூன்று குணம் என்பதால் குழுவில் யாரும் வெறுங்கையோடு திரும்பமாட்டார்கள். அந்தமான் பக்கத்தில் தினமும் காலையில் ஒரு டூர் படகு, நாலு தீவு, நாற்பது பேர் கூட்டம், சாயங்காலம் அறை என்றே நாள் போய்விடுகிறது. நண்பர்கள் சேர்ந்து எதையாவது செய்ய வளைகுடாதான் இடம் தருகிறது.

செய்வதில் முதலிடம் தாவில் டைவிங். உலகத்திலேயே மலிவாக ஆழ்கடல் டைவிங் கற்கக்கூடிய இடங்களில் ஒன்று. ஓப்பன் வாட்டர் என்னும் தொடக்கநிலைச் சான்றிதழ் கோர்ஸ் மூன்று நான்கு நாள், செலவு பத்தாயிரம் பாட்டை ஒட்டி, முடித்தால் 18 மீட்டர் வரை இறங்கலாம். நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது, அது இங்கே முக்கியம்: 200 மீட்டர் நீந்தவும் பத்து நிமிஷம் மிதக்கவும் தெரிந்தால்தான் சான்றிதழ். நீச்சல் தெரியாதவர் பயிற்றுநர் கையைப் பிடித்து 12 மீட்டருக்குள் ஒருநாள் அறிமுக டைவ் போகலாம். குழுவில் மூன்று பேர் கோர்ஸ் எடுத்து, நீச்சல் தெரியாத இருவர் அறிமுகத்தோடு நிறுத்திக்கொண்டு, சாயங்காலம் சாய்ரீ கடற்கரையில் எல்லோரும் கூடினால் பேச்சு முழுக்க யார் காது அடைத்தது, யார் ஆமையைப் பார்த்தது என்பதாகவே இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் சும்போன் பினகிள், செயில் ராக் என்ற டைவ் இடங்களில் திமிங்கலச் சுறா வரும். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரமாவது விடவேண்டும், திட்டத்தில் அதைச் சேருங்கள். தண்ணீரின் தெளிவு சிமிலனில் இதைவிட மேல், ஆனால் அது ஏற்கெனவே கற்றவர்களுக்கு.

பங்கான் என்றால் எல்லோருக்கும் ஹாட் ரின் கடற்கரையின் பௌர்ணமி பார்ட்டிதான். ஒரு தரம் பார்க்கலாம், தப்பில்லை. மூடிய செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள், மணலில் கண்ணாடிச் சில்லு கிடக்கும். பக்கெட்டில் ஊற்றித் தரும் சாராயக் கலவையில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் குடிக்கவேண்டாம், கூட வந்தவரைத் தனியே விட்டுவிட்டு வரவேண்டாம். அந்த நாட்களில் விடுதிகள் குறைந்தது மூன்று நான்கு இரவு தங்கினால்தான் இடம் என்பார்கள், வாடகையும் ஏறும். மாகா பூஜை, விசாகம் மாதிரி பௌத்தப் புனித நாளில் பௌர்ணமி வந்தால் பார்ட்டியை அடுத்த நாளுக்குத் தள்ளிவிடுவார்கள், பஞ்சாங்கத்தை மட்டும் நம்பி டிக்கெட் போடக்கூடாது. பௌர்ணமி இல்லாத நாட்களில் தீவின் வடக்கே தொங் நாய் பான், பாட்டில் பீச் என்று அமைதியான கரைகள் இருக்கின்றன. என்னைக் கேட்டால் பங்கானின் உண்மையான அழகு அதுதான். ஹாட் ரின் போகும் சாலை செங்குத்தான ஏற்ற இறக்கம், அங்கே ஸ்கூட்டர் வேண்டாம், ஷேர் டாக்சி போதும்.

சமுய் குடும்பத்தோடு போகிறவர்களுக்கும் பணம் தாராளமாக இருப்பவர்களுக்கும். பையோடு சுற்றுபவர்கள் ஒரு ராத்திரி தங்கி, ஆங் தொங் தீவுக்கூட்டத்தைப் பார்த்துவிட்டு நகரலாம்.

சாப்பாட்டில் சைவக்காரர்களுக்குப் பங்கான் ரொம்ப வசதி, யோகா கூட்டம் நிறைய இருப்பதால் சைவக் கடைகள் ஏராளம். மற்ற இடங்களில் காய்கறிப் பொரியலிலும் மீன் சாஸ் விழும், 'ஜே' (சைவம்) என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஏடிஎம்மில் ஒவ்வொரு முறையும் 220 பாட்டுக்குக் குறையாமல் பிடிப்பார்கள், குழுவுக்காக ஒருவர் மொத்தமாக எடுத்துப் பிரித்துக்கொள்வது மேல். பங்கானின் சைவக் கடைகளை விட்டால், சாப்பாடு, பணம் இரண்டிலும் இரு கரைகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆக, இரண்டு மூன்று பேர், அமைதி, படம் எடுக்கும் ஆசை, டிசம்பர் ஜனவரி லீவு என்றால் ரைலேயில் மூன்று நாள், மீதி முழுக்க லந்தா, ஃபி ஃபி ஒரு பகலோடு சரி. ஐந்தாறு பேர், முதல் வெளிநாட்டுப் பயணம், பிப்ரவரியிலிருந்து ஆகஸ்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்றால் கொஞ்சமும் யோசிக்காமல் வளைகுடா: ராத்திரி ரயில், தாவில் நாலு நாள் டைவிங், பங்கான் வடக்கில் மூன்று நாள், படகில் நிலப்பரப்பின் டான்சாக் துறையில் இறங்கி சூரத் தானியிலிருந்து பாங்காக் திரும்பும் விமானம்.