எம்.எஸ். விண்ணப்பத்துக்கு முன் ஒரு கோடைப் பாடம்: கம்யூனிட்டி காலேஜா, பெர்க்லியா, நெட்மேத்தா?

ஊரில் பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குக் கிடைக்கும் ஹெச்-4 விசாவில் கலிஃபோர்னியா வந்தவள் நான். மூன்று வருஷம் கழித்து ஸ்டாட்டிஸ்டிக்ஸில் எம்.எஸ். படிக்கலாம் என்று உட்கார்ந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. ஐகன் மதிப்பு, கேலி-ஹாமில்டன் எல்லாம் மாங்கு மாங்கென்று போட்டுத்தான் தேறினோம். ஆனால் என் மார்க் ஷீட்டில் இருப்பது 'மேத்தமேடிக்ஸ்-1', 'மேத்தமேடிக்ஸ்-2' என்ற இரண்டு வரிகள். இங்கே அப்ளிகேஷனில் கேட்பதோ மல்டிவேரியபிள் கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, பிராபபிலிட்டி என்று தனித்தனியாக. எம்-2 என்ற வரிக்குள் என்ன இருக்கிறதென்று அதைப் படிக்கிற பேராசிரியருக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பெயர்களை ஒரு அமெரிக்க டிரான்ஸ்கிரிப்டில், அதாவது கல்லூரி தரும் அதிகாரப்பூர்வ மதிப்பெண் பட்டியலில், ஏற்றிவிடத்தான் கோடைப் பாடம். ஹெச்-4இல் இருப்பவர்கள் விசா மாற்றாமலேயே படிக்கலாம். பல விண்ணப்பங்களுக்குக் கடைசித் தேதி டிசம்பரில் வந்துவிடும். செப்டம்பரில் சேர்ந்த பாடத்துக்கு அதற்குள் கிரேடு வராது. ஆகஸ்டில் முடிந்த பாடத்துக்கு வந்துவிடும். அதனால் கோடைதான் கடைசி பஸ்.

காசை மட்டும் பார்த்தால் போட்டியே கிடையாது. பட்டப்படிப்பின் முதல் இரண்டு வருஷப் பாடங்களை நடத்தும் அரசுக் கல்லூரிகளான கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் மாநிலவாசிக்கு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைச் சொல்லும் கிரெடிட்) 46 டாலர். 2012 கோடையிலிருந்து அதே விலைதான். நாலு யூனிட் பாடம் 184 டாலர். அதோடு பார்க்கிங், ஹெல்த் ஃபீஸ் என்று சில்லறை. மாநிலத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் குடியிருந்ததைக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் பல மடங்கு ஆகிவிடும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூசி) பெர்க்லி வளாகம் நடத்தும் சம்மர் செஷனுக்கு வெளியாட்களும் போகலாம், ஆனால் அங்கே அதே நாலு யூனிட்டுக்கு ஆயிரக்கணக்கில் எடுத்து வைக்க வேண்டும். இல்லினாய் பல்கலைக்கழகம் ஆன்லைனில் நடத்தும் கணிதப் பாடங்களான நெட்மேத் இரண்டுக்கும் நடுவில்.

கம்யூனிட்டி காலேஜில் பணத்தைவிடப் பெரிய பாடு உள்ளே நுழைவது. மல்டிவேரியபிள் எடுக்க கால்குலஸ் இரண்டாம் பாகம் முடித்திருக்க வேண்டும் என்பார்கள். ஊர் மார்க் ஷீட்டை மதிப்பீடு செய்து வாங்கி, கவுன்சிலரிடம் கொடுத்து, அவர் அந்தத் தடையை எடுத்துவிடுவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். புது மாணவர்களுக்குப் பதிவு வரிசையிலும் கடைசி இடம்தான். நான் வெயிட்லிஸ்டில் ஒன்பதாவது. முதல் நாள் வகுப்புக்கு நேரே போய்ப் பின்சுவரோரம் நின்றேன். என்னைப் போல இன்னும் ஆறேழு பேர். பேர் வாசித்து முடித்து, வராதவர்களை அடித்துவிட்டு, ஆசிரியர் ஒரு தாளை நாலாக மடித்துக் கிழித்து வகுப்பில் பதிவு செய்துகொள்ள ஆட் கோடு எழுதிக் கொடுத்தார். அந்தத் துண்டுச் சீட்டு கையில் வந்த பிறகுதான் மூச்சு வந்தது. 'லிஸ்டில் பெயர் பின்னால் இருக்கிறதே' என்று வீட்டில் இருந்துவிட்டவர்களுக்கு இடம் போய்விட்டது.

அடுத்தது வேகம். கலிஃபோர்னியா கணக்கில் ஒரு யூனிட் என்றால் வகுப்பும் வீட்டு வேலையும் சேர்த்துக் குறைந்தது 48 மணி நேரம். நாலு யூனிட் 192. ஆறு வாரத்தில் முடிப்பதென்றால் வாரத்துக்கு 32 மணி. இதை யாராவது எனக்கு முன்பே பெருக்கிக் காட்டியிருக்கலாம். ஆசையில் நான் மல்டிவேரியபிள், லீனியர் அல்ஜீப்ரா என்று இரண்டு பாடத்தில் சேர்ந்தேன், அதாவது வாரத்துக்கு 64 மணி நேரம், கையில் இரண்டு வயதுக் குழந்தையோடு. செவ்வாய்க்கிழமை குழந்தைக்குக் காய்ச்சல் என்று போகவில்லை. புதன்கிழமை போனால் கரும்பலகையில் கிரீன் தேற்றம், எனக்கு லைன் இன்டக்ரலே தெரியாது. லீனியர் அல்ஜீப்ராவை விட்டுவிடலாம் என்று முடிவெடுப்பதற்குள், தடயமில்லாமல் விலகும் நாள் தாண்டிவிட்டது. ஆறு வார வகுப்பில் அந்த நாள் முதல் வாரத்திலேயே வந்து போய்விடுகிறது. டிரான்ஸ்கிரிப்டில், பாதியில் விலகினேன் என்று சொல்லும் ஒரு 'டபிள்யூ' உட்கார்ந்துவிட்டது. படித்த எல்லாக் கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டையும் விண்ணப்பத்தில் கேட்பார்கள், 'அது சும்மா கோடையில் படித்தது' என்று ஒளிக்க முடியாது.

கம்யூனிட்டி காலேஜ் என்றால் மதிப்பில்லையே என்று நம்மவர்கள் இழுப்பார்கள். எந்தப் பாடம் என்பதைப் பொறுத்த கேள்வி இது. கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, டிஃபரன்ஷியல் ஈக்வேஷன், டிஸ்கிரீட் மேத் வரைக்கும் அங்கே தாராளமாகப் படிக்கலாம். இவற்றை முடித்தவர்களைத்தான் யூசி பல்கலைக்கழகங்களே வருஷாவருஷம் மூன்றாம் ஆண்டில் சேர்த்துக்கொள்கின்றன. எந்தப் பாடம் எதற்குச் சமம் என்று அசிஸ்ட் தளத்தில் பட்டியலே இருக்கிறது. ஆனால் அதோடு சரி. ரியல் அனாலிசிஸ் மாதிரி, பட்டப்படிப்பின் கடைசி இரண்டு வருஷத்தில் வரும் பாடங்கள் கம்யூனிட்டி காலேஜில் கிடையாது.

அங்கேதான் பெர்க்லியின் கை ஓங்குகிறது. மேத் 104 அனாலிசிஸ், மேத் 110 லீனியர் அல்ஜீப்ரா, ஸ்டாட் 134 பிராபபிலிட்டி எல்லாம் கோடையிலும் நடக்கும். பெரும்பாலும் எட்டு வாரம். நிரூபணம் எழுதிப் பழகாத நம் பி.இ. கைக்கு 104 முதல் முறை பல் உடைக்கும். பிஎச்.டி. பக்கம் கண் இருப்பவர்கள் அந்த வரிக்காகவே காசு கொடுக்கலாம். ஆனால் ஒன்று: பெர்க்லி புரொபசரிடம் சிபாரிசு லெட்டர் வாங்கிவிடலாம் என்ற கனவோடு போகாதீர்கள். கோடை வகுப்பைப் பல சமயம் பிஎச்.டி. மாணவர்களே எடுக்கிறார்கள். என் தோழிக்கு எடுத்தவர் அவளைவிட நாலு வயது சின்னவர். அருமையாகச் சொல்லிக் கொடுத்தாராம், ஆனால் அவர் எழுதும் கடிதத்துக்கு எவ்வளவு எடை இருக்கும்?

நெட்மேத் முற்றிலும் வேறு ரகம். வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் சேரலாம், 16 வாரத்துக்குள் முடிக்க வேண்டும், தேர்வு மட்டும் கண்காணிப்போடு. கிரேடு இல்லினாய் பல்கலைக்கழக டிரான்ஸ்கிரிப்டிலேயே வரும். கடைசி இரண்டு வருஷக் கணிதப் பாடங்களும் இருக்கின்றன. அடுத்த கோடையில் பிராபபிலிட்டியை அப்படித்தான் முடித்தேன். இரவு ஒன்பதரைக்குக் குழந்தை தூங்கியதும் உட்காருவேன். யாரும் விரட்டாததே இதன் வசதி, இதன் ஆபத்தும் அதுதான். முதல் ஐந்து வாரத்தில் இரண்டு அத்தியாயம்கூடத் தாண்டவில்லை. ஜூனில் ஆரம்பித்தவர்களுக்கு 16 வாரம் செப்டம்பர் கடைசியில் முடியும், அப்படியும் டிசம்பருக்கு நேரம் இருக்கிறது என்பது ஆறுதல்.

இந்தியாவின் இலவச ஆன்லைன் பாடங்களான என்பிடெல் போதாதா என்று தங்கை கேட்டாள். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடம், தரத்தில் குறையே இல்லை. நான் பிராபபிலிட்டிக்குப் பக்கத்தில் அதையும் திறந்து வைத்துக்கொண்டுதான் படித்தேன். ஆனால் அது தருவது சான்றிதழ். இங்கே கேட்பது கிரேடு போட்ட டிரான்ஸ்கிரிப்ட்.

இதெல்லாம் விட்டுப்போன பாடத்தை நிரப்புகிறவர்களுக்கு. பி.இ.யில் வாங்கிய 6.2 சி.ஜி.பி.ஏ.வைத் தூக்கி நிறுத்தலாம் என்று யாராவது சம்மர் கோர்ஸ் எடுக்கப் போனால் நானே தடுப்பேன், எம்.எஸ். விண்ணப்பத்தில் பழைய மதிப்பெண் பழையபடியேதான் நிற்கும், பக்கத்தில் ஒரு 'ஏ' கூடும். மருத்துவக் கல்லூரிக்குப் போகிற இங்கத்திய பிள்ளைகள் கதை வேறு, அங்கே எல்லாக் கல்லூரி கிரேடையும் சேர்த்து ஒரே சராசரியாகப் போடுகிறார்கள். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் வேறு கல்லூரியில் சேருமுன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

என் கணக்கில் வரிசை இதுதான். கால்குலஸும் லீனியர் அல்ஜீப்ராவும் கம்யூனிட்டி காலேஜில், கோடைக்கு ஒன்று மட்டும். பிராபபிலிட்டி நெட்மேத்தில். அனாலிசிஸ் தேவைப்பட்டால் மட்டும் பெர்க்லி. செப்டம்பர் வந்ததும் டிரான்ஸ்கிரிப்டில் ஒரு பிரதியை உங்கள் பெயருக்கே வரவழைத்துப் பாருங்கள். எனக்கு வந்ததில் கிரேடு இருக்க வேண்டிய இடத்தில் இன்னும் 'நடப்பில்' என்றுதான் இருந்தது. பதிவாளர் அலுவலகத்துக்கு இரண்டு மெயில் போட்ட பிறகுதான் மாறியது.